கற்பூரம் காட்டாத வண்டி

ஐப்பசி 4, திங்கள்
காலையிலிருந்து தூறல். வடகம் காயவில்லை.
பிள்ளைகளுக்கு இந்த வருஷம் ஒரு குறையும் இல்லை. பெரிய பேரன் ரகு வாலாஜாபாத் பாங்கில் நிரந்தரம். பேத்தி லலிதா டீச்சர் டிரெயினிங்கில் முதல் வகுப்பு. கடைக்குட்டி சேகர் மெட்ராசில் என்ஜினீயர் படிப்பு, கடைசி வருஷம். ஐந்தாவதோடு நின்றவள் நான். அம்மன் கொடுத்தது.
சேகர் லீவுக்கு வந்திருக்கிறான். கொண்டுவந்ததில் துணிமணியைவிடத் தகரம்தான் அதிகம். மாடியில் காற்றாடி கட்டியாகிவிட்டது.

ஐப்பசி 5
காற்று நன்றாக இருக்கிறது. காற்றாடி சுற்றினால் கரண்டு. கரண்டு தண்ணீரைப் பிரிக்கிறது. அதில் வரும் வாயு, தண்ணீரில் கவிழ்த்த டிரம்மில் சேருகிறது. பேர் ஹைட்ரஜன் (சேகரை எழுதச் சொல்லிப் பார்த்து எழுதினேன்). அதை ஊற்றி மெட்ராஸ் பஸ் எல்லாம் ஓட்டலாமாம். பெட்ரோல் விற்கிற விலைக்கு நல்லதுதான்.
காலேஜில் ஒரு தடவை பிளானைத் திருப்பிவிட்டார்கள், ஆபத்து என்று. திங்கட்கிழமை மறுபடி காட்ட வேண்டும். ஒத்துக்கொண்டால் இந்த வாயுவில் ஓட்டிப் பார்க்கப் பழைய ஜீப் ஒன்று தருவார்கள். இல்லாவிட்டால் இதோடு சரி. பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை.

ஐப்பசி 7, ஆயுத பூஜை
தறிக்கும் நூல் ஓட்டும் நாடாவுக்கும் பொட்டு வைத்தேன். பின்கட்டில் சேகர் சின்ன என்ஜினை ஓட்டிக் காட்டினான். புகையே இல்லை! புகைக்குழாயில் தண்ணீர் சொட்டியது. கையில் ஏந்திக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.
பிறகு டிரம்முக்குக் கற்பூரம் காட்டப் போனேன். குச்சி கிழிக்குமுன் ஓடி வந்து தட்டைத் தட்டிவிட்டான். குங்குமம் எல்லாம் தரையில்.
மருமகள் கமலா: "பெரியவங்க கையைத் தட்டுறியாடா? நல்ல நாளும் அதுவுமா!"
எனக்கு வடை இறங்கவில்லை.
சாயங்காலம் வந்து உட்கார்ந்தான். சோப்பு நுரையில் துளி வாயு பிடித்து, முற்றத்துக் கோடியில் வைத்து, நீளக் குச்சியால் பற்றவைத்தான். டப்! பூனை ஓட்டம்.
"இத்தனூண்டுக்கே இந்தச் சத்தம் ஆயா. டிரம்மு பத்திக்கினா இன்னா ஆவும்?"
"சரிடாப்பா. பஸ் டிப்போல ஆயுத பூஜைக்கு அத்தினி டிரைவரும் கற்பூரம் காட்டுவானுங்களே, அத்தினி பேரு கையையும் தட்டிக்கினு இருப்பியா?"
கோபத்தில் கேட்டதுதான். பிள்ளை எழுந்து மாடிக்குப் போய்விட்டான்.

ஐப்பசி 8
பிளான் காகிதம் கூடம் முழுக்க. மூலைக்கு மூலை டம்ளர் வைத்தோம். ஒரு பக்கம் காற்றாடி வரிசை, நடுவில் வாயு டிரம், அப்புறம் பஸ் நிற்கும் இடம். நேற்றுவரை அவ்வளவுதான். இன்று வாசல் ஓரமாகப் புதுக் கட்டம் ஒன்று: பூஜை மேடை. வண்டிக்குப் பூஜை அங்கேதான், வாயு ஊற்றுவதற்கு முன்னால். நடுவில் உயரச் சுவர்.
"பீடிக்கு?" என்றேன்.
"அதுவும் அங்கதான் ஆயா."
நெய் தீர்ந்தது. வாங்க வேண்டும்.

ஐப்பசி 11, திங்கள்
மழை. கோயிலுக்குக் குடையில் போனேன். பகலெல்லாம் வேலை ஓடவில்லை. நேற்றே மெட்ராஸ் போன சேகரிடம் என்ன சொன்னார்களோ.

ஐப்பசி 12
ரகுவுக்குப் பாங்கில் சேகரிடமிருந்து டிரங்க் கால் வந்ததாம். ஜீப் கொடுத்துவிட்டார்கள்! பூஜை மேடையைப் பார்த்து முதலில் எல்லாரும் சிரித்தார்களாம். ஒரு பெரியவர் மட்டும் சிரிக்காமல், "யாராவது நெருப்பைக் கிட்ட கொண்டுவந்தா என்ன பண்ணுவேன்னு போன தடவை நாங்க கேட்டதுக்கு இதாம்பா பதில்" என்றாராம்.
அம்மா தாயே. வேறென்ன சொல்ல.
கமலா கேசரி கிண்டினாள். முந்திரி தாராளம்.

ஐப்பசி 14
வெயில். வடகம் காய்ந்தது.
சேகருக்குக் கார்டு எழுத வேண்டும். எண்ணெய் வழிய ஸ்கூலில் எடுத்த படம்தான் இன்னும் சுவரில் இருக்கிறது. ஜீப் ஓடின அன்றே பக்கத்தில் நின்று புதுசாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்படா. முன்னால் நிற்காதே, பின்பக்கம் நில். குழாயில் தண்ணீர் சொட்டுவது தெரியவேண்டும்.