பசறை வளைவுகளில் மெதுவாகப் போன லொறி

அண்ணா,

இன்று காலை வாவிப் பக்கமிருந்து காற்றோடு மழை அடித்து, பல்கனிக்குள் தண்ணீர் வந்துவிட்டது. என் கணவர் அலுமாரிக்கு மேலிருந்து உங்கள் நீலப் படங்கை இறக்கிக் கம்பியில் கட்டினார். நெல் காயப்போட நீங்கள் வைத்திருந்த படங்கு அது. எங்கள் சாமான்களுக்கு மேல் போர்த்திக் கொண்டுவந்து, திருப்பிக் கொண்டுபோக மறந்து, இங்கேயே தங்கிவிட்டது. விரித்ததும் உமித்தூசியும் டீசலும் கலந்த வாசம் வீடு முழுக்கப் பரவியது. மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அவர் கயிற்றை இறுக்கிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நீங்கள் போய் இரண்டு போகம் முடிந்துவிட்டது. உங்களுக்கு எழுத வேண்டும் என்று இன்றுதான் தோன்றியது.

பதுளையில் எனக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்தபோது பஸ் நிலையம் வரை வந்து ஏற்றிவிட்டவர் நீங்கள்தான். "குளிர் ஊர். காதுக்குத் துணி கட்டிக்கொள்" என்று ஜன்னலுக்கு வெளியே நின்று சொன்னீர்கள். அங்கே கூடப் படிப்பித்த ஒருவரை நான் விரும்பியதும் எல்லாம் மாறிப்போனது. பசறைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த அம்மாவின் பிள்ளை அவர். "தோட்டத்துப் பொடியனா?" என்று தொலைபேசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். ஓம் என்றேன். வைத்துவிட்டீர்கள். கல்யாண எழுத்துக்கு அம்மா மட்டும் வந்தா. எங்கள் ஊர் பழுகாமத்தில் எனக்கென்று கட்டிய சீதன வீட்டைப் பூட்டிச் சாவியை நீங்கள் எடுத்துக்கொண்டதாக அம்மாதான் சொன்னா. மூன்று வருடம் என்னோடு நீங்கள் பேசவில்லை.

அந்த மூன்று வருடத்தில் எனக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே கலைந்து போயின. அதுவும் அம்மா மூலம் உங்களுக்குத் தெரிந்துதான் இருந்தது.

மூன்றாவது தடவை ஐந்து மாதம் தாண்டியபோது எங்கள் இருவருக்கும் மட்டக்களப்புக்கு இடமாற்றம் கிடைத்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிட்ட இருப்பது நல்லது என்று டொக்டர் சொன்னார். ஆனால் குலுக்கம் கூடாது, பார்த்துப் போக வேண்டும் என்றும் சொன்னார். ஊர் வீட்டை உங்களிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. டவுனில் வாவிக்கரையோரம் புதிதாக எழும்பிய தொடர்மாடியில் மூன்றாம் மாடி வீடொன்றை வாடகைக்குப் பேசினோம். சாமான் ஏற்றப் பதுளையிலேயே ஒரு லொறி சொல்லி வைத்திருந்தோம்.

போகிற நாள் காலையில் வாசலில் லொறிச் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தேன். நீங்கள் நின்றீர்கள். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, முகத்தில் இரண்டு நாள் தாடியோடு.

"சாமானெல்லாம் கட்டியாச்சா?" என்றீர்கள், நேற்றுத்தான் பேசிவிட்டுப் போனவர் மாதிரி.

"வேற லொறி சொல்லியிருக்கு அண்ணா" என்றேன். என்ன சொல்வதென்று தெரியாமல் வாயில் வந்தது அதுதான்.

"அவனை வரவேணாமெண்டு சொல்லு."

அவ்வளவுதான். கட்டிலைக் கழற்றினீர்கள். அலுமாரியை நீங்கள் ஒரு பக்கமும் என் கணவர் மறு பக்கமும் பிடித்துத் தூக்கினீர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஒரு அலுமாரியை எப்படி இறக்கலாம் என்பதை அன்று பார்த்தேன்.

முன் இருக்கையில் மூன்று பேருக்குச் சரியாக இடம் இருந்தது. எனக்குக் காற்று வேண்டும் என்று ஜன்னலோரம் விட்டீர்கள். அதனால் அவர் நடுவில், உங்கள் தோளோடு தோள் உரச உட்கார வேண்டியதாயிற்று. என் இருக்கையில் தலையணை ஒன்றை மடித்து வைத்திருந்தீர்கள். அது உங்கள் வீட்டில் மச்சாள் கொடுத்துவிட்டது என்றீர்கள்.

ஊரில் உங்கள் லொறி வருகிறதென்றால் மாடுகள்கூடத் தானாக ஒதுங்கும். வேகத்துக்காக நீங்கள் பொலிசில் ஏச்சு வாங்காத மாதம் இல்லை. அந்த நீங்கள் பசறை வளைவுகளில் சைக்கிள்காரன் முந்திப் போகும்படி ஓட்டினீர்கள். பின்னால் வந்த பஸ்கள் ஹோர்ன் அடித்தன. ஒருவன் எட்டிப் பார்த்துச் சிங்களத்தில் திட்டினான். நீங்கள் கையைக் காட்டி, போ போ என்று விட்டீர்கள். ஒவ்வொரு பள்ளம் வருமுன்னரும் லொறி மெல்ல நின்று, ஒரு சில்லை இறக்கி, பிறகு மற்றச் சில்லை இறக்கியது. பள்ளம் எங்கே இருக்கிறதென்று உங்களுக்கு எப்படி முன்கூட்டியே தெரிகிறது என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

லுணுகலை வந்தும் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை நீங்கள். பக்கத்தில் இருக்கிறவரிடம் கேட்க வேண்டியதையெல்லாம் என்னிடம் கேட்டீர்கள்.

"தங்கச்சி, அவருக்குத் தண்ணி வேணுமா எண்டு கேளு."

"வேணாம்னு சொல்லு" என்றார் அவர், அவரும் என்னைப் பார்த்து.

"வெயில் முகத்தில அடிக்கிதா எண்டு கேளு."

"பரவால்லனு சொல்லு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு தேயிலை மலைகள் பின்னால் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிபிலை தாண்டிச் சமவெளி தொடங்கிய பிறகுதான் அடிவயிற்றில் வலி வந்தது. முதல் இரண்டு முறையும் தொடங்கிய அதே இடத்தில், அதே மாதிரி. கைகளால் இருக்கையின் ஓரத்தைப் பிடித்திருந்தேன் போல. நீங்கள்தான் கண்டீர்கள்.

"என்னகா, முகம் வெளிறிக் கிடக்கு?"

"வலிக்கிது அண்ணா."

லொறி நின்றது. வேகமாகப் போனால் குலுங்கும், மெதுவாகப் போனால் பிந்திவிடும். எது செய்வதென்று தெரியாமல் அப்படியே இருந்தீர்கள். அவர்தான் என்னைத் தாண்டிக் கதவைத் திறந்து இறங்கி, வழியில் போன ஒருவரை மறித்துச் சிங்களத்தில் விசாரித்துவிட்டு வந்தார். பக்கத்திலேயே சின்ன ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது.

என்னை ஒரு கட்டிலில் படுக்க வைத்துத் திரையை இழுத்தார்கள். தாதி வயதான பெண். என் வயிற்றில் கருவியை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தா. திரைக்குக் கீழே உங்கள் இரண்டு பேரின் கால்கள் மட்டும் எனக்குத் தெரிந்தன. சேறு காய்ந்த உங்கள் றப்பர் செருப்பும் அவருடைய பாட்டா சப்பாத்தும். தாதி திரையை விலக்கி வெளியே தலையை நீட்டி ஏதோ நீளமாகச் சொன்னா, ஏதோ கேட்டா; அவர் ஒரு சொல்லில் பதில் சொன்னார். உங்களுக்குச் சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. செருப்பு இரண்டும் சப்பாத்துப் பக்கம் திரும்பின.

"என்ன மச்சான் சொல்றா அவ? புள்ளைக்கு என்னவாம்?"

மச்சான் என்றீர்கள், அண்ணா. மூன்று வருடமாக உங்கள் வாயிலிருந்து வராத சொல். நீங்கள் யோசித்துச் சொல்லவில்லை. பயத்தில் வந்துவிட்டது. அதனால்தான் நான் அதை முழுதாக நம்பினேன்.

"இதயத் துடிப்பு நல்லா கேக்குதாம்" என்றார் அவர். "பயணக் களைப்புதானாம். கொஞ்ச நேரம் படுத்து எழும்பிப் போகலாமாம், மச்சான்."

பிறகு நீங்கள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "என்னை ஆரெண்டா கேட்டவ?" என்றீர்கள். "அண்ணன்னு சொன்னேன்" என்றார் அவர்.

லொறி மறுபடி வெளிக்கிட்ட பிறகு நீங்கள் இரண்டு பேரும் பேசிய பேச்சில் எனக்கு இடமே இருக்கவில்லை. தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டு வந்தேன். கொழுந்து பறிக்கிறவர்களுக்கு அட்டை கடித்தால் என்ன செய்வார்கள் என்று கேட்டீர்கள். அவர் தன் அம்மாவின் கால்களைப் பற்றிச் சொன்னார். கரடியனாறு தாண்டி வயல் விரிந்தபோது லொறியை ஓரமாக நிறுத்தி, "இந்த மாதிரித்தான் நம்மட வயல் வட்டையும் கிடக்கும். யானைக் கரைச்சல்தான் பெருசு. ஒரு நாளைக்கு வாங்க, காட்டுறன்" என்றீர்கள். அதுவரை பதுளைக்குக் கீழே இறங்கி வயலில் கால் வைக்காத மனிதர் அவர். "வாறன்" என்று உங்கள் தமிழிலேயே சொல்லிப் பார்த்தார். நீங்கள் சிரித்தீர்கள்.

தொடர்மாடிக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. லிப்ட் இன்னும் பொருத்தவில்லை. "கொக்கு மாதிரி இவ்வளவு உயரத்தில குந்தி இருக்கப் போறீங்களா?" என்று அண்ணாந்து பார்த்தீர்கள். என்னைப் படி ஏற விடவில்லை. பிளாஸ்டிக் கதிரையில் உட்கார வைத்து, இரண்டு பேரும் இரண்டு பக்கம் பிடித்து மூன்று மாடியும் தூக்கினீர்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் "மெதுவா மச்சான், மெதுவா" என்று நீங்களும், "நீங்க பாத்து வைங்க மச்சான்" என்று அவரும். பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. அப்படியே இன்னும் பத்து மாடி இருக்கக்கூடாதா என்றும் இருந்தது.

மகள் நல்லபடி பிறந்தாள். ஆஸ்பத்திரியில் அவளை முதலில் கையில் வாங்கியவர் அவருடைய அம்மா. இரண்டாவது நீங்கள். அந்த அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, "மாமி, குளிருக்கு இஞ்ச ஒண்டும் செய்யத் தேவல்ல, வெக்கைதான்" என்று நீங்கள் விளங்கப்படுத்தியதை நான் கட்டிலிலிருந்து பார்த்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் அரிசியும் வாவி மீனும் கொண்டு படியேறி வந்தீர்கள். விடுமுறைக்கெல்லாம் அவர் உங்களோடு வயலுக்கு வந்தார். வரம்பில் வழுக்கி விழுந்ததை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தீர்கள்.

மகளுக்கு இரண்டு வயது நடக்கும்போது, அறுவடைக்குக் கிட்ட, விடியற்காலைப் பனியில் மோட்டார் சைக்கிளில் வட்டைக்குப் போனீர்கள். வாய்க்கால் ஓரம் நின்ற யானை பனியில் தெரியவில்லை என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். எங்களுக்குச் செய்தி வந்து நாங்கள் வந்து சேர்ந்தபோது உங்களை முற்றத்தில் கிடத்தியிருந்தார்கள். என்னைக் கிட்டப் போக விடவில்லை. அவர்தான் போனார். உங்களைக் குளிப்பாட்டியவர்களில் அவரும் ஒருவர். அதைப் பற்றி இன்றுவரை அவர் என்னிடம் பேசியதில்லை. அந்தப் போகத்து நெல்லை அவரும் மச்சாளின் தம்பியும் நின்று வெட்டினார்கள்.

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, மச்சாள் அடுப்படியில் என் பக்கத்தில் வந்து இருந்தா. "உனக்கு ஒண்டு தெரியுமா புள்ள?" என்றா. "உங்களைக் கூட்ட வந்தாரே, அதுக்கு முதல் நாள் காலைலேயே வெளிக்கிட்டவர். வெறும் லொறியை மெதுவா உருட்டிக்கொண்டு போய், எங்கெங்க பள்ளம் எண்டு பார்த்து வச்சவர். இரவு பதுளை டவுனுக்குள்ள லொறியிலேயே படுத்தவராம். 'அவள்ற வீட்டு வாசல் வரைக்கும் போனன், தட்ட மனம் வரல்ல' எண்டு வந்து சொன்னவர். உன்னட்டச் சொல்லக் கூடாது எண்டும் சொன்னவர்."

அதுதான் அண்ணா இன்னும் என்னிடம் இருக்கிறது. இறக்கி வைக்க இடமில்லை. புறப்படுவதற்கு முதல் நாள் மாலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சட்டி பானையெல்லாம் பெட்டிக்குள் போட்டுக் கட்டிவிட்டோம். ஒரேயொரு பானையை மட்டும் வெளியே வைத்துச் சோறாக்கினோம். பருப்பும் கருவாட்டுக் குழம்பும். மிஞ்சியதைக் காலையில் கொட்டினேன். நீங்கள் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிப் போனபோது நாங்கள் அந்தச் சோற்றுக்கு முன்னால்தான் இருந்திருப்போம். கதவு உள்ளே தாழ்ப்பாள்கூடப் போட்டிருக்கவில்லை. தள்ளியிருந்தாலே திறந்திருக்கும்.