மருந்து போடாத குடுவை

சனிக்கிழமை, விருத்தாசலம்.

ஆய்வகத்திலிருந்து ஜூனியர் செல்வி போன் செய்தாள். “அக்கா, மருந்து போடாத குடுவையிலயும் செல்லுங்க மாறியிருக்குது.”

இரத்தப் புற்றுநோய்ச் செல்களை முதிர்ந்த வெள்ளணுக்களாக மாற்றியது என் மருந்துதான் என்று நம்பியிருந்தேன். மருந்தைக் கரைக்கும் திரவம் கூடிப்போனால் அதுவே மாற்றிவிடும். எங்கள் துறையில் இது யாருக்குத்தான் தெரியாது? ஒப்பிட்டுப் பார்க்க, மருந்து போடாத குடுவையிலும் அந்தத் திரவத்தை மட்டும் ஊற்றுவோம். இரண்டு குடுவைக்கும் அளவு மீறி ஊற்றியவள் நானேதான். மருந்து போடாததைப் பார்க்கும் முன்பே, மருந்து பலித்துவிட்டதென்று வீட்டுக்குச் சொன்னது அதைவிட முட்டாள்தனம்.

அம்மாவிடம் சொன்னேன். “அதுக்கென்னடி? நன்றிப் பூசைக்கு சாமியார்கிட்ட பேரு குடுத்தாச்சு. நான் வேலை செய்யுற பீங்கான் கம்பெனியில எல்லாரும் வராங்க.”

நாளைக் காலை மாதா கோயிலில் என் மருந்துக்காக நன்றி சொல்வார்கள். நான் முன்வரிசையில் முட்டி போட்டு, அந்தத் திரவத்துக்கு ஆமென் சொல்ல வேண்டும்.