மச்சானுக்குப் போட்ட கையெழுத்து

12-3-1981, வியாழன்

மங்களத்தின் தம்பி ஜெயபாலனுக்கு லூமுட் கடற்படைத் தளத்தில் ரேடியோ டெக்னீஷியன் வேலை கிடைக்கும் போலிருக்கிறது. நேர்முகம் முடிந்துவிட்டது. பாக்கி இருப்பது பாதுகாப்புச் சோதனை. ஆள் எப்படி, யாரோடு பழக்கம், யாருக்குக் கடன் என்று வீடு வரை வந்து விசாரிப்பார்களாம்.

இன்று அவன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான், ஆட்டுக்கறி சாப்பாடு. கை கழுவும் இடத்தில் மெல்லச் சொன்னான்: "மச்சான், விண்ணப்பப் பாரத்துல கடன் இல்லைன்னு எழுதிட்டேன். உங்களைத்தான் வந்து கேப்பாங்க. பார்த்துச் சொல்லுங்க லா."

சித்தியவானில் ரேடியோ கடை வைத்து அவன் மூழ்கியபோது, கடன்காரர்களுக்கு நான் கட்டியது ஆறாயிரம் வெள்ளி. ஒரு துண்டுச் சீட்டுக்கூட வாங்கவில்லை. பெண்டாட்டியின் தம்பியிடம் எழுதி வாங்குவதா?

அரசாங்கம் கேட்பதில் தப்பில்லை. கழுத்து வரை கடன் உள்ளவனை எவனும் விலைக்கு வாங்கலாம். அதை மறைக்கிறவனைக் காசு கொடுக்காமல் மிரட்டியே வாங்கலாம். அப்படிப்பட்டவனை நானும் கல்லாவில் உட்கார வைக்க மாட்டேன். ஆனால் இவனுக்கு வேலை கிடைக்காவிட்டால் என் காசு எங்கிருந்து வரும்? வியாபாரமாகப் பார்த்தால் இல்லை என்று சொல்வதுதான் சரி.

19-3-1981

அதிகாரி வந்தார். மலாய்க்காரர், சாதாரண உடை, மரியாதையான பேச்சு. உங்களுக்கோ உறவில் வேறு யாருக்குமோ ஜெயபாலன் பணம் தர வேண்டியிருக்கிறதா என்று கேட்டார். இல்லை, துவான் என்றேன். அதையே எழுதி நீட்டினார். அரிசி மூட்டை இறங்கும்போது சீட்டில் கையெழுத்துப் போடுவேனே, அதுபோல் போட்டு நீட்டிவிட்டேன்.

2-6-1981

வேலை கிடைத்துவிட்டது. மாதம் இருநூறாவது கொடுப்பான்.

7-2-1982, ஞாயிறு

இதுவரை ஒரு காசு வரவில்லை. கேட்காமலே இருந்தேன். இப்போது கேட்டாக வேண்டிய நிலை. ஈப்போவில் நான் வாடகைக்கு இருக்கும் இந்தக் கடைவீட்டை அதன் சொந்தக்காரர் விற்கப் போகிறார். முதல் பேச்சு எனக்குத்தான், மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்டினால். குறைவது ஆறாயிரம்.

காலையில் வேனை எடுத்துக்கொண்டு லூமுட்டுக்கு அவன் வீட்டுக்குப் போனேன். வாசலில் புது டட்சன் கார். ஜெயபாலன் துடைத்துக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன். துணியைப் பிழிந்து உதறிவிட்டுக் கேட்டான்:

"எந்தக் கடன், மச்சான்?"

விளையாடுகிறான் என்று நினைத்தேன்.

"கடன் இல்லைன்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க? இப்ப இருக்குன்னு சொன்னா, கவர்மெண்ட்கிட்ட பொய் சொன்னது யாரு? என் வேலையும் போகும், உங்க கடை லைசென்ஸும் போகும். விட்டுருங்க லா. டீ குடிக்கிறீங்களா?"

எப்படிடா வாய் வந்துச்சு உனக்கு? கடன்காரன் கதவத் தட்டினப்ப எங்க வீட்டுப் பின்கட்டுல வந்து படுத்துக்கிட்டவன்தானே நீ?

அங்கே கேட்கவில்லை. இங்கே எழுதுகிறேன்.

அவனுக்கு எதிராக என்னிடம் ஒரு காகிதம் இல்லை. எனக்கு எதிராக ஒன்று இருக்கிறது. அதில் இருப்பது என் கையெழுத்து. சைக்கிளில் கருவாடு விற்க ஆரம்பித்து இத்தனை வருஷம் எவனும் என்னை எடையில்கூட ஏமாற்றியதில்லை.

மங்களத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். "சாப்பிட வாங்க" என்றாள். அவ்வளவுதான்.

27-2-1982

வேனை விற்று, கையிருப்பையெல்லாம் வழித்து, முன்பணம் கட்டினேன். கடை தப்பியது. சுங்கை சிப்புட் பக்கம் தோட்டங்களுக்குச் சம்பள நாள் தவறாமல் வேனில் சாமான் கொண்டுபோன வியாபாரம் இனி இல்லை. அதை வேறு ஒருவன் பிடித்துக்கொள்வான். நானாயிருந்தாலும் பிடிப்பேன்.

தீபாவளி, 1983

ஜெயபாலன் வந்தான். அக்காவுக்குப் பட்டுச்சேலை. எனக்கு ஒரு கும்பிடு. பார்வை சுவரில். மங்களம் இரண்டு தடவை கறி வைத்தாள், மூன்றாவது தடவை அவன் வேண்டாம் என்ற பிறகும் வைத்தாள்.

இவளும் அந்தப் பக்கம்தானா? கேட்டால் சண்டை வரும். கேட்கவில்லை. அவனைவிட இதுதான் வலிக்கிறது.

18-6-1985

மறுபடி ஓர் அதிகாரி, வேறு ஆள். ஜெயபாலனுக்குப் பதவி உயர்வாம். இரகசியத் தகவல்கள் வந்துபோகிற அறை. அதனால் புதிதாக விசாரணை. பழைய ஃபைலும் கொண்டுவந்திருந்தார்.

அதே கேள்வி. உண்மையைச் சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் என் கையெழுத்து அவர் மடியில் இருக்கிறது. அது போகட்டும், மங்களம் நிற்கிறாள். அவள் தம்பியின் சோற்றில் நான் மண் போட்டேன் என்று வரக்கூடாது. இல்லை, துவான் என்றேன்.

மங்களம் தேநீரை அவர் முன் வைத்தாள். அவளுக்குத் தெரிந்த மலாயில், குரல் ஏறாமல் சொன்னாள்:

"அடா, துவான்."

இருக்கிறது, ஐயா. ஆறாயிரம் வெள்ளி. எப்போது, எதற்கு, கேட்கப் போனபோது தம்பி சொன்ன பதில், எல்லாம் சொன்னாள். நான் அன்று அவளிடம் சொன்னதை ஒரு சொல் விடாமல் வைத்திருந்திருக்கிறாள். அதிகாரி பழைய காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அவள் சொல்வதுதான் சரி, துவான்" என்றேன்.

அவர் போன பிறகு, ஏன் சொன்னாய் என்று கேட்டேன்.

"இன்னொரு தடவை நீங்க பொய் சொல்றத என்னால பார்க்க முடியலை. அதுவும் எனக்காக."

30-6-1985

உறவினர் மூலம் சேதி. ஜெயபாலனுக்கு அந்த அறை கிடைக்காது. கடனை அடைத்து, அடைத்ததற்கு அத்தாட்சி காட்டினால் பிறகு பார்க்கலாம் என்றார்களாம். என் பழைய கையெழுத்தைப் பற்றிக் கேட்க இன்னும் யாரும் வரவில்லை. வந்தால் வரட்டும்.

5-10-1985

லூமுட்டிலிருந்து மூன்றாவது மணியார்டர். இருநூறு வெள்ளி. ரசீது உடனே அனுப்பவும் என்று மட்டும் எழுதியிருந்தான்.

மங்களம் அரிசி அளந்துகொண்டிருந்தாள். அக்கா எப்படின்னு கேட்டிருக்கானா என்றாள்.

கேட்டிருக்கிறான் என்றேன்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து அளக்க ஆரம்பித்தாள்.