நான் எழுதிக் கொடுத்த மனு

என் பிரியமுள்ள மதினிக்கு,

அடுப்படியில் நாம் இருவரும் பேசிக்கொண்டதையெல்லாம் இப்படி நாலு பேர் படிக்கும்படி எழுதுவது உங்களுக்குப் பிடிக்காது. எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் வேறு யாரிடம் சொல்ல? நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. பேப்பரில் படிக்கிற சேதிகளைப் பற்றி இந்த வீட்டில் அதன் பிறகு யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

வடிவு மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். உங்கள் மகள் உங்களைப் போலவே கேள்வி கேட்கிறாள், பதில் வரும்வரை நகர்வதில்லை. பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சோறு போட ஆரம்பித்ததும் அவளும் தட்டைத் தூக்கிக்கொண்டு போனாள். வீடு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது, இருந்தாலும் சிநேகிதிகளோடு உட்கார்ந்து சாப்பிடுவதில் அவளுக்கு ஒரு குஷி.

சமைத்தவர் மாரியம்மாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெரு. அந்தத் தெருக்காரர் கையால் நம் தெருவில் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததா?

போன ஆனி மாதம் அரிசிக்கடை அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். தெருவுக்கு மனு எழுதுவது நான்தானே. விளக்கு எரியாவிட்டாலும், வாய்க்கால் தூர்ந்துபோனாலும் காகிதத்தோடு என்னிடம்தான் வருவார்கள்.

“எம்மா, நாலு வரி எழுதித் தா. நம்ம பிள்ளைக போயும் போயும் அவ கையால திங்கணுமான்னு கேட்டு எழுது” என்றார். அதற்கு மேலும் சொன்னார். அந்தச் சொற்களை இங்கே எழுத மாட்டேன்.

“அப்படியே எழுதினா நம்மளப் பிடிச்சு உள்ள போட்டிருவான், அண்ணாச்சி. சட்டம் இருக்கு” என்றார் பக்கத்தில் இருந்த என் அண்ணன்.

“அதுக்குத்தாம்லே படிச்ச பிள்ளைகிட்ட வந்திருக்கேன்.”

நான் மறுத்திருக்கலாம். தலைவலி என்றாவது சொல்லியிருக்கலாம். மதினி, நான் என்ன செய்தேன் தெரியுமா? நல்ல சொல்லாகத் தேடினேன். ‘சமையலிடத்தில் போதிய சுகாதாரம் பேணப்படவில்லை எனப் பெற்றோர் அஞ்சுவதால்’ என்று எழுதினேன். அந்தச் சமையலிடத்தை நான் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. அண்ணாச்சியின் வார்த்தைகளை எழுதக் கை கூசியது. அவற்றை விட்டுவிட்டால் பாவம் பாதியாகிவிடும் என்று நினைத்துவிட்டேன்.

அண்ணாச்சி இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டார். “அடேயப்பா! வக்கீல் கெட்டான் போ!” என்று சிரித்தார். உங்களிடம் என்ன மறைக்க? எனக்குப் பெருமையாக இருந்தது.

அவர் சொன்னபடியே எழுதியிருந்தால் அந்த மனு ஆபீசில் குப்பைக்குப் போயிருக்கும். என் சொல்தான் அதை அதிகாரியின் மேசைவரை கொண்டு சேர்த்தது. ஒரு மாதத்துக்குள் மாரியம்மாளை நிறுத்திவிட்டார்கள். இப்போது சமைப்பது அண்ணாச்சிக்கு ஒன்றுவிட்ட தங்கை.

எங்கோ தூர தேசத்தில் கறுப்பு மனிதர்களைப் பஸ்ஸில் தனியாக உட்காரவைக்கிறார்கள் என்று படித்துவிட்டு நாம் இருவரும் எப்படிக் கொதித்தோம்! குழம்பு அடிப்பிடித்ததுகூடத் தெரியவில்லை. உலகத்தைப் பற்றி எனக்கு எத்தனை அபிப்பிராயங்கள். நம் தெருவே வந்து கேட்டபோது மனு எழுதிக் கொடுத்தேன்.

சாரல் விழுந்ததும் எல்லோரும் குற்றாலம் போனோம். மனுவில் கைநாட்டு வைத்த பெண்கள் எல்லாம் என்னோடு பேரருவியில் நின்றார்கள். கூட்டத்தில் யார் எந்தத் தெரு என்று யார் கண்டது? நீங்கள் ஒருமுறை அங்கே நின்று என் காதில் கத்தினீர்களே, “எவ தலையில பட்ட தண்ணி எவ மேல விழுதுன்னு இங்கன யாரு பாக்கா!” என்று. அன்று சிரித்தேன். இந்தத் தடவை சீக்கிரமே வெளியே வந்து ஈரத் துணியோடு உட்கார்ந்துவிட்டேன்.

வடிவு இப்போது பள்ளிக்கூடத்தில் சாப்பிடுவதில்லை. “அத்தே, மாரியம்மாக்கா அழுக்காம், அதான் நிப்பாட்டிட்டாங்களாம். நாங்க எல்லாம் கை கழுவிட்டு வந்தாத்தான் சோறு போடுவாங்க. அவங்க எப்படி அழுக்காவாங்க?” என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். முதல் தடவையாக அந்தப் பிள்ளையிடம் பொய் சொன்னேன்.

நேற்று மாரியம்மாளே வந்தார். புறவாசலில், வேலிக்கு வெளியே நின்றார். கடிதத்தில் ‘அவர்’ என்று எழுதுகிறேன். நேரில் “என்ன மாரியம்மா?” என்றுதான் கேட்டேன். அவருக்கு என் அம்மா வயது இருக்கும். உள்ளே வாருங்கள் என்றும் சொல்லவில்லை.

“தாயி, உங்க எழுத்து நல்லா இருக்கும்னு டீச்சரம்மா சொன்னாவ. எனக்கு ஒரு மனு எழுதித் தாங்க. வேலை கிடைக்காட்டாலும் போவுது. அழுக்குன்னு எழுதியிருக்காவளாம், அத மட்டும் அடிச்சிறச் சொல்லுங்க. என் பேத்தியும் அந்தப் பள்ளிக்கூடத்துலதான் படிக்கா. பிள்ளைக அவளைப் பாத்து மூக்கைப் பொத்துதாம்.”

நாளை மறுநாள் வரச் சொல்லி அனுப்பினேன். வடிவு நன்றாகச் சாப்பிடுகிறாளா, பூசணிக்காயை இன்னும் ஒதுக்குகிறாளா என்று கேட்டுவிட்டுப் போனார்.

அண்ணனிடம் சொன்னேன். “ஏட்டி, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? ரெண்டு மனுவும் ஒரே கையெழுத்துன்னு ஆபீசுல கண்டுபிடிச்சிருவான். அண்ணாச்சி மூஞ்சியில எப்படி முழிக்க? நாளைக்கு உனக்கு மாப்பிள்ளை பாக்க வேண்டாமா?” என்று சத்தம் போட்டார். அவர் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. இந்தத் தெருவில்தான் நாங்கள் இருந்தாக வேண்டும். எனக்கும் பயம்தான், மதினி. நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? அல்லது, நீங்கள் இருந்திருந்தால் அந்த முதல் மனுவை எழுதியிருப்பேனா?

நாளைக் காலையில் அவர் வருவார். வேலிக் கதவைத் திறந்து, அவரை உட்காரவைத்து, அந்தச் சொல்லை எழுதியவள் நான்தான் என்று முதலில் சொல்லிவிடுவேன். அவர் திட்டினால் கேட்டுக்கொள்வேன். அதன் பிறகும் மனுவை என் கையால் எழுதச் சம்மதித்தால், முன்னால் கொடுத்த மனு பொய், அதை எழுதியது நான் என்று அதிலேயே எழுதி, அடியில் என் முழுப் பெயரைப் போடுவேன். சம்மதிக்காமல் எழுந்து போனாலும், அதை நானே தனியாக எழுதி அனுப்புவேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு. வடிவிடம் என்றைக்குச் சொல்வது என்றுதான் இன்னும் தெரியவில்லை.

உங்கள் மகளை வளர்க்கும்,
உங்கள் நாத்தனார்