அண்ணியின் ஆடாத கேமரா

சண்டைக்கும் சமாதானத்துக்கும் எனக்கென்று வாய்த்த ஒரே அண்ணிக்கு,

நேற்று புஞ்சாக் ஆலாமில், நான் வேலை செய்யும் பல்கலைக்கழகக் கேன்டீனுக்குப் பின்னால், ஒரு மாணவி என் மோட்டார் சைக்கிளையே சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டு நின்றாள். முன் கூடைக்கு மேலே நீங்கள் பொருத்திய சட்டத்தை ஒரு விரலால் அமுக்கினாள். அது இறங்கியது, மெல்ல ஏறியது, நின்றது. துளி ஆட்டம் இல்லை.

"ஆன்டி, இந்த கேமரா மவுண்ட் எங்க வாங்குனீங்க? ஆன்லைன்லயா?"

"வாங்கல லா. எங்க அண்ணி செஞ்சது."

"அவங்க இன்ஜினியரா?"

"இல்லம்மா. கெர்லிங்காரங்க."

அந்தப் பதிலைக் கேட்டிருந்தால் உங்களுக்குத் தலைகால் புரிந்திருக்காது. கெர்லிங் ஏதோ தனி நாடு என்பதுபோலக் கடைசி வரைக்கும் எங்களிடம் பெருமை அடித்தவர் நீங்கள். அந்தப் பெண்ணுக்கு முழுக் கதையையும் சொல்ல ஆசையாக இருந்தது. ஆனால் மதியச் சோற்றுக்குக் கூட்டம் சேர்ந்துவிட்டது, கூப்பிட்டுவிட்டார்கள். அதனால்தான் உங்களிடமே சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். முன்பாதி உங்களுக்குத் தெரிந்ததுதான். பின்பாதி நீங்கள் போன பிறகு நடந்தது.

எல்லாம் அந்த வேனில் ஆரம்பித்தது. வாரத்தில் மூன்று நாள் அண்ணனைக் கோலசிலாங்கூருக்கு டயாலிசிஸ் செய்ய ஏற்றிப்போகும் பாலா, ஒருநாள் வாசலில் நின்று தலையைச் சொறிந்தான். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. உங்க தோட்டத்து ரோட்டுல வேன் ஷாக் அப்சோர்பர் ரெண்டு தடவ போயிருச்சு. முதலாளி உள்ள போகக் கூடாதுன்னுட்டாரு. சிம்பாங் வரைக்கும்தான் வருவேன்." அவன் மேல் தப்பில்லை. செம்பனைக் குலை ஏற்றும் லோரிகள் உழுது போட்ட ரோடு அது. அதைச் சீர்படுத்துவது யார் பொறுப்பு என்று கேட்டால் தோட்டம் மாவட்ட அலுவலகத்தைக் காட்டும், அலுவலகம் தோட்டத்தைக் காட்டும்.

மெயின் ரோடு பிரியும் அந்தச் சிம்பாங் வரை அண்ணனை நான்தான் மோட்டாரில் கொண்டுபோனேன். போகும்போது பரவாயில்லை. திரும்பும்போதுதான் கொடுமை. ரத்தத்தைச் சுத்தம் செய்து முடித்த உடம்பில் என்ன தெம்பு இருக்கும்? தலை சுற்றும், வாந்தி வரும், பின்னால் உட்கார்ந்தபடியே சாய்வார். நீங்கள் உங்கள் சால்வையால் அவரை என் இடுப்போடு சேர்த்துக் கட்டிவிடுவீர்கள். ஒருமுறை பெரிய குழியில் இறங்கி ஏறியபோது இருவருமே சரிந்தோம். நல்ல வேளை, புல்லில் விழுந்தோம். அன்று இரவுச் சாப்பாட்டின்போது அண்ணன், "இனிமே நான் போகல. இப்படி உசுரப் பிடிச்சிக்கிட்டு போயி உசுரக் காப்பாத்தணுமா?" என்றார். நீங்கள் அவர் தட்டில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினீர்கள்.

மறுநாளே நாம் ரோட்டை வீடியோ எடுத்தோம். போனை ஹேண்டில்பாரில் ரப்பர் போட்டுக் கட்டி, நான் ஓட்டினேன். படமா அது? செம்பனை மரமெல்லாம் ஜெல்லி மாதிரி நெளிந்தது. அலுவலகத்துக்கு அனுப்பினோம். வீடியோ ரொம்ப ஆடுகிறது, ஒன்றுமே தெரியவில்லை, தெளிவாக எடுத்து அனுப்புங்கள் என்று மரியாதையாகப் பதில் வந்தது. எனக்கு வந்த கோபத்தில் போனைத் தூக்கி எறிந்திருப்பேன். நீங்கள் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"கேமரா ஆடக் கூடாது. அவ்வளவுதான கேக்குறாங்க?"

கல்யாணத்துக்கு முன்னால் சுங்கை சோ பக்கம் வாஷிங் மெஷின் செய்யும் தொழிற்சாலையில் நீங்கள் வேலை பார்த்தது எனக்குத் தெரியும். அங்கே என்ன செய்தீர்கள் என்று நான் கேட்டதே இல்லை. அன்றைக்குத்தான் சொன்னீர்கள். ஓடுகிற மெஷின் மேல் உள்ளங்கையை வைத்து ஆட்டத்தைப் பார்ப்பதுதான் உங்கள் வேலையாம். "உள்ள இருக்கிற தொட்டி என்னா குதி குதிச்சாலும் வெளிப் பெட்டி நகரக் கூடாது. இங்க அப்படியே தலகீழு கோமதி. வெளிய குதிக்கும், உள்ள சும்மா இருக்கணும்."

அப்புறம் இன்னொன்றும் சொன்னீர்கள். ஆட்டம் ஒன்றில்லை, இரண்டு. இன்ஜின் போடும் பொடி நடுக்கம் ஒன்று, ரோடு போடும் குதி ஒன்று. "ரெண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது." இதைச் சொல்லும்போது உங்கள் கையில் பாதி நறுக்கிய வெண்டைக்காய் இருந்தது. எனக்கு இப்போதும் ஆச்சரியம்தான் அண்ணி. இத்தனை காலம் ஒரே வீட்டில் புழங்கி, யார் குழம்பில் உப்பு கூட என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோமே, உங்கள் தலைக்குள் இப்படி ஒரு பட்டறை இருந்தது எனக்கு ஏன் தெரியாமல் போனது?

பொடி நடுக்கத்துக்குப் பழைய இரும்புக் கடையில் கிடந்த வாஷிங் மெஷினின் ரப்பர் கால்களைக் கழற்றி வந்தீர்கள். அதைக் கூடைக்கும் சட்டத்துக்கும் நடுவில் வைத்ததும் நெளிவு நின்றுவிட்டது. குதிதான் அடங்கவில்லை. மெஷினுக்குள் இருந்த ஸ்பிரிங்குகள் இந்தச் சின்னப் பாரத்துக்கு அசையவே இல்லை. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தீர்கள். மூன்றாம் நாள் என்னைக் கேட்காமலே என் கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டியை இழுத்து, என் மகளை ஆட்டிய தொட்டில் ஸ்பிரிங்கை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். அதற்கு நான் போட்ட சண்டை பக்கத்து லயத்து வீடுகள் வரை கேட்டது. நீங்கள் ஒரே வார்த்தையில் முடித்தீர்கள்: "பிள்ளைய முழிக்க விடாத ஸ்பிரிங்கு வேற எங்க இருக்கு?"

அது பிள்ளையின் எடைக்குச் செய்த ஸ்பிரிங். போன் கனம் போதாது. ஆற்றங்கரைக் கடையில் மீன்வலைக்குக் கட்டும் ஈயக் குண்டுகள் வாங்கி, ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுத் தொங்கவிட்டீர்கள். அது பக்கவாட்டில் ஆடியது. இரண்டு பக்கமும் கம்பி நிறுத்தி, மேலும் கீழும் மட்டும் போகும்படி செய்தீர்கள். ஒரு குழிக்கு மூன்று தடவை எம்பியது. கம்பியில் கெட்டி கிரீஸ் பூசினீர்கள், ஒரு தடவையோடு அடங்கியது. கடைசியாக, வளைவில் படம் சாயாமல் இருக்க, போனை நிமிர்த்திப் பிடிக்கும், குட்டி மோட்டார் வைத்த குச்சி ஒன்றைப் பழையதாக வாங்கி, கைப்பிடியை அறுத்து உச்சியில் பொருத்தினீர்கள். "அடுப்புல என்னமோ தீயுது" என்று அண்ணன் எத்தனை தடவை குரல் கொடுத்திருப்பார். வீட்டில் யாருக்குக் காது கேட்டது?

தோட்டத்து ஆட்களுக்கு ஒரே கொண்டாட்டம். "என்னா கோமதி, மோட்டாருக்குப் பிள்ள பொறந்துருச்சா? பேரு வச்சாச்சா?" என்று கேட்டார்கள். "வச்சாச்சு. ஆடாத ஆறுமுகம்" என்றீர்கள், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

அந்த வீடியோவை நம் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தது நினைவிருக்கிறதா? மிதந்து போவதுபோல இருந்தது. மரங்கள் வரிசையாக வந்து வரிசையாகப் போயின. அண்ணன் மட்டும், "இது நம்ம ரோடா?" என்றார். பெருமையில் நமக்கு அது உறைக்கவில்லை. அனுப்பிவிட்டோம். அன்று மாலையே அலுவலகத்திலிருந்து ஒரு மலாய்த் தம்பி போன் செய்தான். ரொம்ப நல்ல பிள்ளை. வீடியோ மிகத் தெளிவாக இருப்பதாகப் பாராட்டிவிட்டு, "ஜாலான் எலோக் சஜா, காக்" என்றான். ரோடு நன்றாகத்தானே இருக்கிறது அக்கா என்று கேட்கிறான்.

நான் இடிந்துபோனேன். நீங்கள் சிரித்தீர்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நாற்காலி தேடி உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள். "ரொம்ப நல்லா செஞ்சிட்டேன் போல." உங்கள் ஸ்பிரிங் ரோட்டில் இருந்த குழி அத்தனையையும் விழுங்கியிருந்தது.

எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டுப் பழையபடி குலுங்கக் குலுங்க எடுப்போம் என்றேன். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன், வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "குலுங்குனா கேமராவத்தான் குத்தம் சொல்வாங்க. ஆடுறது கேமரா இல்ல, ரோடுன்னு தெரியணும்." அடுக்களைக்குப் போய், கண்ணாடி மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் குவளை ஒன்றில் ரோஸ் சிரப் கரைத்து விளிம்பு வரை ஊற்றினீர்கள். அதை ஹேண்டில்பாரில் இறுக்கிக் கட்டினீர்கள், கேமராவின் கண்ணுக்கு நேர் எதிரில். "இப்ப போ."

படத்தில் வானம் அசையவில்லை. மரம் அசையவில்லை. அதற்கு நடுவில் ஹேண்டில்பார் பேய் பிடித்ததுபோலத் துள்ளியது, சிவப்புத் தண்ணீர் ஒவ்வொரு குழிக்கும் எகிறி எகிறித் தெறித்தது. சிம்பாங் வருவதற்குள் குவளை காலி. என் வெள்ளைச் சட்டை முழுக்கச் சிவப்பு. ஆடாத கண்ணால்தான் ஆட்டத்தைப் பார்க்க முடியும் என்பது உங்களுக்கு எப்படித் தோன்றியது? இதை நான் உங்களிடம் நேரில் கேட்டிருக்க வேண்டும். சட்டைக் கறை போகவில்லை என்று சண்டை போட்டதோடு விட்டுவிட்டேன்.

இரண்டாவது வீடியோவைப் பார்த்ததும் அந்தத் தம்பி நேரிலேயே வந்தான். காரைச் சிம்பாங்கில் நிறுத்திவிட்டு உள்ளே நடந்து வந்து, ஒவ்வொரு குழியாகக் குனிந்து பார்த்தான். "தெருக், காக்" என்று ஒத்துக்கொண்டான், மோசம்தான் என்று. மேலே எழுதி வாங்குவது தன் பொறுப்பு என்றான். போகும் முன் உங்கள் சட்டத்தை நெடுநேரம் அமுக்கி அமுக்கிப் பார்த்தான். நீங்கள் அவனுக்கு டீ போட்டுக் கொடுத்தீர்கள்.

தார் வருவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். காலையில் அடுப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான்.

வேன் வர மறுத்த ரோட்டில் உங்களை எடுத்துப்போக வண்டி வந்தது அண்ணி. அண்ணன் பெட்டியின் மேல் கை வைத்துக்கொண்டு ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார். "அவ தல ஆடக் கூடாது." போர்வைகளை மடித்துப் பெட்டிக்கு அடியில் கொடுத்தார்கள், நான்கு பேர் ஏறிப் பிடித்துக்கொண்டார்கள். நான் மோட்டாரை எடுத்தேன். பெண்கள் வாசலோடு நிற்க வேண்டும் என்று ஒரு பெரியவர் சொன்னார். "எந்தக் குழி எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா மாமா?" என்று கேட்டேன். அவர் வழிவிட்டார். நான் முன்னால் வளைந்து வளைந்து போனேன், டிரைவர் என் சக்கரத் தடத்திலேயே வந்தார். என்னால் முடிந்த மட்டும் பார்த்து ஓட்டினேன். இருந்தும் இரண்டு இடத்தில் வண்டி குலுங்கியது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

இனி நீங்கள் அறியாத செய்தி. போன மாதம் தார் போட்டார்கள். சிம்பாங் முதல் கடைசி லயம் வரை, ஒரு குழி இல்லை. அடுத்த திங்கட்கிழமை பாலா வேனை வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தி ஹாரன் அடித்தான். அதுவரை என் மோட்டாரில் சிம்பாங் போய்க்கொண்டிருந்த அண்ணன் அன்று எழுந்திருக்கவில்லை.

"என்னண்ணே, வேன் நிக்குது."

"நீ போகச் சொல்லு. அவளக் குலுக்கிக் கொண்டு போன ரோட்டுல நான் மட்டும் சொகுசா போகணுமா?"

அன்றைக்கு டயாலிசிஸ் போகவில்லை. நான் கெஞ்சினேன், அழுதேன், உங்கள் பேரைச் சொல்லித் திட்டினேன். புதன்கிழமைக்குள் கால் வீங்கி, மூச்சு இழுத்தது. பாலா மறுபடி வந்தான். அவர் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அழுகை போய்க் கோபம் வந்துவிட்டது.

"அண்ணே, அந்த ரோடு யாரு போட்டதுன்னு நெனச்ச? தார்க்காரனா? அது அண்ணி உனக்குன்னு செஞ்சது. அவங்க சோறு ஆக்கி வச்சா, என்னைக்காவது தட்டுல மிச்சம் வச்சுட்டு எந்திரிச்சிருக்கியா நீ?"

அவர் சுவரை விட்டு என் பக்கம் திரும்பினார். பிறகு சட்டையைக் கேட்டார்.

நானும் வேனில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வண்டி கிளம்பியதும் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார், பழைய பயம். கொஞ்ச தூரத்தில் பிடி தளர்ந்தது. ஜன்னலில் தலை சாய்த்து ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். சிம்பாங் வந்தபோது, "நல்லாத்தான் செஞ்சிருக்கா" என்றார்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன் அண்ணி. அவர் முரண்டு பிடித்தாலும், என்னோடு பேசாமல் இருந்தாலும், ஒரு நாள் தவறாமல் அவரை வேனில் ஏற்றுவேன். நீங்கள் அவருக்காகச் செய்ததில் ஒரு பருக்கையும் வீணாக விடமாட்டேன்.

உங்களை ஒரு சண்டையிலும் ஜெயிக்காத நாத்தனார்,
கோமதி