கோயிலை இழுத்த சனிக்கிழமை

பிட்மன் கோவ், நியூஃபவுண்ட்லாந்து
மார்ச் 12

அன்பு மகள் செலினாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையில் அம்மாவும் நானும் நல்ல சுகம், நீயும் அங்கே எட்மன்டனில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு சுகமாக இருக்க தினமும் ஜெபிக்கிறோம். நீ போனில் அழுதுகொண்டே கேட்டாயே, அதற்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நம் மரக் கோயில் கடலுக்குள் போகவில்லை.

நவம்பர் புயலில் பாறை இன்னும் ஆறடி சரிந்து, கோயிலின் பின்சுவருக்கும் கடலுக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கிற இடம்தான் மிச்சம் இருந்தது. கோயிலுக்கு முன்னால் இருக்கிற குளம் உறைந்திருக்கும்போதே கோயிலை அதன் மேலே இழுத்து அக்கரை மேட்டில் வைத்துவிடலாம் என்று உன் அம்மா சபைக் கூட்டத்தில் எழுந்து சொன்னாள், எனக்கு மானமே போயிற்று. டவுனிலிருந்து வந்த காண்ட்ராக்டர் டிராக்டரை ஏற்றினால் ஐஸ் தாங்காது, ஆள் வைத்து இழுப்பதென்றால் இருநூறு பேர் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஊரில் இருப்பதே முப்பத்தெட்டு பேர், அதில் பாதிப்பேர் மூட்டுவலிக்காரர்கள். எஃபி, உனக்குக் கணக்கு தெரியுமா இல்லையா என்று கேட்டேன். செங்கடலைப் பிளந்தவருக்கு நீங்க கணக்கு சொல்லித்தர வேண்டாம், நல்ல கயிறு இருக்கான்னு மட்டும் போய்ப் பாருங்க என்றாள் எல்லார் முன்னாலும். பாஸ்டர்கூட சிரித்துவிட்டார், நான் கயிறு பார்க்கப் போனேன்.

சனிக்கிழமை காலையில் கோயிலை ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் மரக்கட்டைகளைக் கொடுத்து, இரண்டு வடம் கட்டினோம். நம் ஆட்கள் வீட்டையே கயிறு கட்டி இழுத்து இடம் மாற்றுகிற வழக்கப்படி, பக்கத்து வீட்டு அசரியா முன்னால் நின்று பாட, ஒவ்வொரு அடியின் கடைசிச் சொல்லுக்கும் எல்லாரும் சேர்ந்து இழுத்தோம். ஒரு மணி நேரம் இழுத்தும் அசைந்தபாடில்லை. பாஸ்டர் ஜெபம் பண்ணினார், திரும்ப இழுத்தோம், பனியில் வழுக்கி விழுந்ததுதான் மிச்சம். நான் அப்பவே சொன்னேனே என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன், பொய் சொல்ல மாட்டேன், கொஞ்சம் சந்தோஷம்கூட. உன் அம்மா கயிற்றைப் போட்டுவிட்டுப் பின்சுவர்ப் பக்கம் போனாள், விளிம்புக்குப் போகாதே என்று கத்தினேன், காதில் வாங்கவில்லை. அங்கே பனியில் முழங்கால் போட்டவள் சட்டென்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் அவள் முழங்காலுக்கு அடியில் ஒரு இரும்புச் சங்கிலி. பதினாறு வருஷத்துக்கு முன்னால் பெருங்காற்றில் கூரை தூக்கியதே, அப்போது கோயில் பறந்துவிடக் கூடாதென்று அடித்தள உத்தரத்தைப் பாறையோடு சேர்த்து நான்தான் கட்டினேன், சுத்தமாக மறந்துபோயிருந்தேன். இத்தனை நேரமா ஆண்டவர் அந்தப் பக்கம் இழுக்கிறார், நீங்க இந்தப் பக்கம் பிடிச்சு வச்சிருக்கீங்க என்றாள். அசரியா சிரித்துச் சிரித்துப் பனியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

சங்கிலியை அறுக்க இருபது நிமிஷம் ஆயிற்று. அப்புறம் பாட்டின் இரண்டாவது அடியிலேயே கயிறு என் கைக்குள் வந்தது செலினா, அந்த முப்பத்தெட்டு பேருக்கும் அத்தனை பெரிய கோயில் நகர்ந்துகொடுத்தது. மணி தானாக அடிக்க ஆரம்பித்தது. குளத்தின் நடுவில் ஐஸ் முனகியது, ஆனால் பாட்டு நிற்கவில்லை. சாயங்காலத்துக்குள் மேட்டில் ஏற்றிவிட்டோம், ஞாயிறு ஆராதனை அங்கேதான் நடந்தது, ஒரு கண்ணாடிகூட விரிசல் விடவில்லை.

நேற்று செவ்வாய்க்கிழமை காலையில் புயல் வந்து, கோயில் நின்ற இடம் முழுக்க எங்கள் கண்ணெதிரே கடலுக்குள் போயிற்று. ஜன்னலில் நின்று பார்த்த அம்மா, மூணே நாள் என்று மட்டும் சொன்னாள். கிண்டலாவது பண்ணுவாள் என்று பார்த்தேன், அவள் அங்கேயே முழங்கால் போட்டு ஜெபிக்க ஆரம்பித்தாள். நானும் அவள் பக்கத்தில் முழங்காலில் நின்றேன், நீ பிறந்த அன்றைக்குப் பிறகு யாரும் சொல்லாமல் நானாக நின்றது நேற்றுத்தான்.

ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. அம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, மறந்துவிடாதே.

அன்பு முத்தங்களுடன்,
உன் அப்பா,
ஹெட்லி