பேஸ்புக் பெரட்டு

2025 பெப்ரவரி 10

பள்ளிக்கூடம் போகும் முன் தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் நின்று, போனைப் பார்த்து நேரலையில் செபம் சொல்லத் தொடங்கி ஒரு வாரம். இன்று தலைப்பில் ‘காலைப் பெரட்டு’ என்று அடித்துவிட்டேன். வெளியே பெரட்டுக் களத்தில் ஆள் கூப்பிடும் சத்தம். கை அதையே எழுதிவிட்டது. எங்கள் ஃபாதர் மன்னார்க்காரர்.

“பெரட்டு எண்டா என்ன, டீச்சர்?”

“காலையில வேலைக்கு வந்தவங்களக் கூப்பிட்டுப் பேர் போடுறதுங்க, ஃபாதர்.”

“அப்ப ஆண்டவரைக் கங்காணி ஆக்கிப்போட்டீங்கள்.”

மாற்றச் சொன்னார். நாளைக்குப் பார்க்கலாம்.

பெப்ரவரி 11

இனி எப்படி மாற்றுவது? கீழே பேர் கொடுத்திருக்கிறார்கள்! ‘மேல் டிவிஷன், மூக்கன் மகன் சோலைமலை, இப்ப கொழும்பு.’ மாரியம்மன் கோயில் ஆள், அவனும் வந்துவிட்டான். இன்னொருத்தி: ‘பிந்திட்டேன் டீச்சர், அரைப்பேராச்சும் போடுங்க.’ தோட்டத்தில் பிந்தி வந்தால் அரைநாள் சம்பளம்தானே. சிரிப்பு அடங்கியதும் எல்லாப் பேரையும் சத்தமாக வாசித்தேன்.

மார்ச் 6

இராயப்பன் மாமா மகள் ஷிராணி பேர் கொடுத்தாள். குவைத்தில் வீட்டு வேலை. அங்கே இன்னும் விடிந்திருக்காது, வீட்டுக்காரர்கள் எழும்பும் முன் பார்க்கிறாளாம். பிறகு தனியாக எழுதினாள்: ‘இங்க என்னைய வேற பேர் வச்சித்தான் கூப்பிடுறாங்கக்கா. நீங்க சொல்றப்பதான் எம்பேரு ஷிராணின்னு ஞாபகம் வருது.’

வகுப்பில் வரவு இடாப்புக் கூப்பிடும்போது ஒவ்வொரு பிள்ளையின் பேரையும் முழுசாகச் சொன்னேன்.

ஏப்ரல் 3

நுவரெலியாவில் திருச்சபை ஊடகக் கூட்டம். தேயிலை மலைமேல் டிரோன் பறக்க, வயலின் அழ, ஒரு செப வீடியோ. காசு கட்டிப் பரப்பியதில் நாற்பதாயிரம் பேர் பார்த்தார்களாம். வாய் பிளந்து பார்த்தேன். கீழே ஒருவர்கூடப் பேர் கொடுத்திருக்கவில்லை.

ஏப்ரல் 29

ஷிராணி ஒரு வாரமாக இல்லை. நான் கூப்பிடுவதை நிறுத்தவில்லை.

மே 4

இன்றும் இல்லை.

மே 8

மாமா கோயிலுக்கே வந்துவிட்டார். ஏஜென்சிக்காரன் போன் எடுப்பதில்லையாம். “ஒன் பெரட்டுக்காச்சும் வந்தாளா, இசபெலு?” என்று கேட்டார். என்னத்த சொல்ல — வரல மாமா, வரவே இல்ல.

ஃபாதர் கேட்டுக்கொண்டிருந்தார். “அந்தோனியார் திருவிழா விளம்பரத்துக்கு வச்சிருக்கிற காசைக் குவைத்துக்குத் திருப்புங்கோ, டீச்சர்.”

மே 9

மாமா கொடுத்த படத்தைப் போட்டு, ‘ஷிராணி பேர் கொடுக்கவில்லை. யாராவது பார்த்தீர்களா?’ என்று எழுதினேன். குவைத்தில் தமிழ் வாசிப்பவர்களுக்கு மட்டும் என்று விளம்பரப் பக்கத்தில் ஒரு கட்டத்தைத் தட்டினேன். அவ்வளவுதான். ராகலைக்கு ஒரு பஸ் பிடிக்கவே அரைநாள் போகிற ஊரிலிருந்து கடல் தாண்டி ஒரு நாட்டையே கூப்பிட்டுவிட்டேன். ஆண்டவரே, இதைச் செருப்பு விற்கத்தானே கண்டுபிடித்தார்கள்?

மே 11

எங்கிருந்தெல்லாமோ பதில். முகம் தெரியாத பெண்கள், ‘நானும் இருக்கேன்’, ‘நானும்’ என்று ஊரும் பேருமாகக் கொடுத்துக்கொண்டே போகிறார்கள். இத்தனை பேரா? இவர்களையெல்லாம் இவ்வளவு நாளாக யார் கூப்பிட்டார்கள்?

நடுவில் கமறியா என்று ஒரு முஸ்லிம் பெண்: ‘அந்தப் புள்ள எங்கட பில்டிங்லதான் ஈக்கிது. போனப் பறிச்செடுத்திட்டாங்க. எம்பஸிக்கு நான் விஷயத்தச் செல்றேன், பயப்படாதீங்க.’

மாரியம்மன் பேரோ அந்தோனியார் பேரோ பார்க்காத பெரட்டு இது. ஃபாதரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மே 20

ஷிராணி தூதரகக் காப்பகத்தில். எப்போது அனுப்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது. பேரை விடாமல் கூப்பிடுகிறேன்.

ஜூன் 24

சரியான மழை. போனைப் பார்த்து வரிசையாகக் கூப்பிட்டேன். “ஷிராணி.”

“இருக்கேங்க்கா.”

அடுத்த பேரையும் வாசித்துவிட்டேன். போனில் எழுத்துத்தானே வரும், குரல் ஏது? திரும்பினேன். பின் பெஞ்சில், மாமாவின் பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.